கண்ணாடிக் கடையில் எடுத்த படங்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் சிவப்பா வர்ற மாதிரி எடுங்க" என்று கேட்கிறவர்களைப் பதினாறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, இருந்த கொஞ்சநஞ்சமும் தீர்ந்துபோய்விட்டது. அப்படிப்பட்ட என்னிடம் வந்து ஒரு பெண் "எனக்குப் படம் எடுக்கக் கத்துக்குடுங்க" என்று நின்றால், நான் என்ன செய்ய?

அவள் கண்ணாடிக்காரர் மகள். என் ஸ்டுடியோவுக்கு எதிர்ச்சாரியில் மூன்று கடை தள்ளி அவர்கள் கண்ணாடி வெட்டும் கடை. பதினேழு வயது. தெருவில் எல்லாருக்கும் அவள் வாலு. பரீட்சை ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்தவள், பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, என் ஒரு காது மேல இருக்கா, இல்ல உங்க லைட்டு கீழ இறங்கியிருக்கா?" என்று கேட்டாள். வாயை மூடு என்று சொல்லத்தான் திரும்பினேன். லைட்டு நிஜமாகவே இறங்கியிருந்தது. எத்தனை நாளாக இறங்கியிருந்ததோ, எத்தனை பேர் காதைக் கெடுத்தேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அன்றைக்கே அவளைச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் அப்பாவை நான் அண்ணே என்று கூப்பிடுகிறேன், அம்மாவை அண்ணி என்று. முறைப்படி பார்த்தால் அவள் என்னை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். முப்பத்தாறு வயதில் அத்தையாக எனக்கு இஷ்டமில்லை. அக்கா என்றே கூப்பிடச் சொல்லிவிட்டேன்.

புகைப்படப் படிப்புக்கு ஒரு கல்லூரியில் விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்துப் படம் கேட்கிறார்களாம். என்ன எடுக்கலாம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"சாயங்கால வானம் வேணாம். பூ வேணாம். பூனைக்குட்டி சத்தியமா வேணாம். உங்கப்பா கை இருக்குல்ல, அத எடு."

"அப்பா கையா? அதுல என்னக்கா இருக்கு?"

"என்ன இருக்குன்னு எடுத்துட்டு வந்து நீ எனக்குச் சொல்லு. ஃப்ளாஷ் போடக் கூடாது. கடைக்குள்ள வர்ற வெளிச்சம் மட்டும்தான். தினம் எடுக்கணும்."

என்னுடைய பழைய கேமராவை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, கீழே போட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

நல்ல மழைக்காலம் அது. காலை பத்து மணிக்கே ஏதோ மாலை ஆறு மணி போல இருக்கும். கண்ணாடிக் கடைக்குள் இன்னும் மோசம். முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. இரண்டு பக்கமும் மரச் சட்டங்களில் கண்ணாடிகள் நெட்டுக்குத்தாக நிற்கும். நடுவில் பழைய கம்பளி விரித்த நீள மேசை. கண்ணாடிக்காரர் அதன்மேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, இடது கையால் அடிக்கோலை அழுத்திக்கொண்டு, வலது கையால் கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். கீச்சென்று ஒரு கோடு. பிறகு கோட்டுக்கு அடியில் ஒரு தட்டு. கண்ணாடி சொன்னபடி கேட்டு இரண்டாகும். அண்ணி பின்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டு ஓரங்களைக் கல்லில் தேய்ப்பாள். பெரிய கண்ணாடி வந்தால் எழுந்து வந்து மறுமுனையைப் பிடிப்பதும் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி.

மத்தியானம் அங்கேயேதான் சாப்பாடு. சாப்பிடுமுன் இரண்டு பேரும் ஆளுக்கொரு துண்டு பன்னைப் பிய்த்து, ஈரமாக்கி உருட்டி, உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லுகளெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தப் பன்னை யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று தாளில் பொட்டலம் கட்டிப் போடுவார்கள். வாலு அதை எடுத்திருந்தாள். முதல் வாரத்திலேயே. நான் இருபது வருஷம் எதிரில் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், அப்படிப்பட்ட படம். ஆனால் படத்தில் அவள் அப்பாவின் கை கலங்கியிருந்தது.

"ஆட்டிட்டே பாரு" என்றேன்.

வெளிச்சம் குறைவான இடத்தில் கேமரா கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்துதான் படத்தை வாங்கும். அந்த நேரத்தில் பிடித்திருக்கிற கை ஆடினால் படம் கலங்கும். படம் பிடிக்க வருகிற எல்லாரும் செய்கிற தப்பு. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள், மூச்சை விட்டு முடித்த பிறகு அழுத்து என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளும் கலங்கல். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள். நானும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே, கேமரா முதுகில் இருக்கிற தீப்பெட்டி அளவுத் திரையில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "ஆட்டிட்டே. இதுவும் ஆட்டிட்டே. என்ன கைடி இது, தந்தியடிக்கிற மெஷினா?" என்பேன்.

அவள் சிரிப்பாள். முதல் வாரம் சிரித்தாள்.

இரண்டாம் வாரம் ஸ்டாண்டு கொடுத்தேன். ஸ்டாண்டில் பூட்டிய கேமரா எப்படி ஆடும்? ஆனாலும் கை கலங்கித்தான் வந்தது. "பட்டனை அழுத்தற வேகத்துல ஸ்டாண்டையே ஆட்டற. உன்னை மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல" என்றேன். இதை எழுதும்போது எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு வந்தவள் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"எனக்கு இது வராதுக்கா."

"ஏன், என்ன வந்துச்சு இப்ப?"

"என் கையே சரியில்ல. நீட்டி வச்சுப் பாக்கறேன், ஆடற மாதிரியும் இருக்கு, ஆடாத மாதிரியும் இருக்கு. அம்மாகிட்ட கேட்டா, ரத்தம் கம்மியா இருக்கும், முட்டை தின்னுங்கறாங்க. தினம் ரெண்டு முட்டை. வாசனையைக் கேட்டாலே குமட்டுது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.

எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் என்ன செய்வதென்றே தெரியாது. "சீ, கண்ணைத் துடை. எங்க தப்பு பண்றேன்னு பெருசா போட்டுக் காட்டறேன், வா" என்று, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

பெரிய திரையில் முதல் படம் விரிந்தது. மேசை, கம்பளி, கண்ணாடி, அடிக்கோல். "இங்க பாரு, இந்த..." என்று விரலை வைத்தவள் நிறுத்திக்கொண்டேன். கம்பளியின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அடிக்கோலின் கோடுகளை எண்ணலாம். கட்டர் பிடித்த வலது கையில் நகத்து அழுக்குவரை துல்லியம். இடது கை மட்டும் அங்கே இல்லை. அடிக்கோல்மேல் ஐந்து விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை.

அடுத்த படம். பன் ஒற்றுகிற படம். வலது கை கல் மாதிரி. இடது கை புகை. அடுத்தது அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற படம், கை மடியில் கிடக்கிறது. அதுவும் அப்படியே. கேமரா ஆடியிருந்தால் படம் முழுக்க அல்லவா கலங்க வேண்டும்? ஒரு கை மட்டும் எப்படிக் கலங்கும்? இதைத் தெரிந்துகொள்ளப் பதினாறு வருஷத் தொழில் வேண்டாம், பதினாறு நாள் போதும். நான் பார்க்கவே இல்லை. தீப்பெட்டித் திரையில் கையை மட்டும் பார்த்துவிட்டு, திட்டுவதற்கு வாய் இருக்கிறதே என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எங்கக்கா தப்பு?" என்றாள் வாலு பின்னாலிருந்து.

"கம்ப்யூட்டர் ஸ்ட்ரக் ஆகுது. நாளைக்கு வா" என்று திரையை அணைத்தேன்.

அவள் போனதும் கடையைச் சாத்திவிட்டு, தூறலில் நனைந்துகொண்டே எதிர்ச்சாரிக்குப் போனேன். நல்லவேளையாக அண்ணி எங்கேயோ அளவு எடுக்கப் போயிருந்தாள். கண்ணாடிக்காரர் மட்டும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் டம்ளர். இடது கை தொடைக்கு அடியில்.

"ஃப்ரேம் எதுவும் போடணுமாம்மா?"

"இல்லண்ணே. பாப்பா எடுத்த படத்தைப் பெருசா போட்டுப் பாத்தேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று ஆயிரம் தடவை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவசியமே இருக்கவில்லை.

"தெரியுதா?" என்றார்.

"எல்லாப் படத்துலயும் தெரியுது."

"ஏழு மாசமா இருக்கு. முதல்ல சுண்டுவிரல் மட்டும்தான். அசதின்னு நெனச்சேன்." தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. யாரோ வேறு ஆளுடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "அழுத்திப் பிடிச்சா அவ்வளவா தெரியாது. வெட்டறது வலது கைதானே. இதுவரைக்கும் ஒரு கண்ணாடி உடையல."

"அண்ணிக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா கட்டரையே தொட விடமாட்டா. கண்ணாடிக்காரனுக்குக் கை ஆடுதுன்னு தெருவுல ஒரு வாய் சொன்னாப் போதும்மா. அப்புறம் எவன் வருவான்?"

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாக்கணும். சனிக்கிழமை அந்த டான்ஸ் கிளாஸ் வேலை ஒண்ணு இருக்கு. ஆறடிக்கு நாலடி, நிலைக்கண்ணாடி. மாடிக்கு ஏத்தணும். அது மட்டும் முடியட்டும். திங்கக்கிழமை நானே போறேன்."

"மாடிக்கு ஏத்தறப்ப அந்தப் பக்கம் பிடிக்கறது யாரு?"

அவர் கையை மறுபடி தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். மழைத்தண்ணீர் கூரைத் தகரத்திலிருந்து ஒழுகி, வாசலில் வைத்திருந்த வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"பாப்பா தன் கைதான் ஆடுதுன்னு அழுவுறாண்ணே."

"தெரியும்." வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்மா. உங்களால ஒண்ணு பண்ண முடியுமா? கை ஆடினாலும் தெரியாத மாதிரி எடுக்க ஏதாவது வழி இருக்குமில்ல? அத அவளுக்குச் சொல்லிக்குடுங்க. படம் நல்லா வந்துட்டா அவளும் அழமாட்டா. எனக்கும் நாலு நாள் கிடைக்கும்."

வழி இருந்தது. கேமரா கண்ணைத் திறந்து மூடுகிற வேகத்தைக் கூட்டினால் போதும். பறக்கிற ஈயைக்கூட நிறுத்திவிடலாம். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், அவ்வளவுதான். ஒரு மனிதர், அதுவும் இத்தனை வருஷப் பழக்கம், கண்ணில் தண்ணீரோடு கேட்கும்போது எப்படி முடியாதென்று சொல்வது? சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்க ஆறடிக் கண்ணாடியும் மாடிப்படியும் அண்ணியின் முகமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை வாலுவுக்கு வேகத்தைக் கூட்டக் கற்றுக்கொடுத்தேன். வியாழக்கிழமை அவள் கொண்டுவந்த படங்களில் இரண்டு கையும் சிலை மாதிரி இருந்தன. நரம்பு, வெட்டுக்காயத் தழும்பு, எல்லாம் பளிச்சென்று. நான் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு, "பாத்தியா? அவ்வளவுதான் விஷயம்!" என்றேன்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப என் கை சரியாகல. ஆடறத மறைச்சு எடுத்திருக்கேன். அதானேக்கா?"

"அப்படி இல்லடி..."

"பின்ன எப்படி?"

ஒரு வரி. "ஆடறது உன் கை இல்ல" என்ற ஒரு வரி என் வாயில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கேமராவைத் துடைத்து, பையில் போட்டு, ஸ்டாண்டோடு கொண்டுவந்து வைத்தாள். விண்ணப்பம் போடப் போவதில்லையாம். "கணக்குப் பாடம் எடுத்துப் படிச்சுக்கறேன். அதுக்குக் கை ஆடினா பரவாயில்ல" என்று சிரிக்கப் பார்த்தாள். நான் பையை வாங்கி அலமாரியில் வைத்தேன். அன்றைக்குப் படம் எடுக்க வந்த ஆறு பேரில் நான்கு பேருக்குக் கண் மூடியிருந்தது. மூடியிருந்ததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. காற்று மட்டும் அடித்தது. பத்து மணி வாக்கில் கண்ணாடிக் கடை வாசலில் சின்ன லாரி வந்து நின்றது. வாலு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டுடியோ வாசலில் நின்றேன். வேலை ஒன்றும் ஓடவில்லை, நின்றேன்.

முதலில் அண்ணி பின்னோக்கி நடந்து வந்தாள். பிறகு கண்ணாடி. பிறகு அவர். இருவர் கையிலும் தடித்த கையுறை. கையுறைக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணாடியின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அதில் என் கடை தெரிந்தது, என் போர்டு தெரிந்தது, வாசலில் நான் நிற்பது தெரிந்தது. எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் பக்கத்தில் அதிகமாக, அண்ணி பக்கத்தில் கொஞ்சமாக. அண்ணி காற்று என்று நினைத்திருப்பாள். "கெட்டியாப் பிடிங்க, காத்து இழுக்குது" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

என்னால் முடியவில்லை. தெருவை எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. ஒரு சைக்கிள்காரர் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார்.

"அண்ணி, கீழ வைங்க. மெதுவா வைங்க."

"என்னாச்சு?"

"வச்சிட்டுச் சொல்றேன்."

மரக்கட்டைமேல் வைத்து லாரியில் சாய்த்தார்கள். அண்ணி ஒரு கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் அவர் பக்கம் பார்க்காமல் வாலு பக்கம் திரும்பினேன்.

"உன் கை ஆடலடி. ஒரு நாளும் ஆடல. எல்லாப் படமும் நல்லாத்தான் எடுத்திருக்க."

வாலு கதவை விட்டாள். அவள் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது ஒரு நொடிதான் நின்றது. கெட்டிக்காரப் பிள்ளை. கண் நேராக அப்பாவின் இடது கைக்குப் போனது. அவர் அதற்குள் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார்.

அண்ணி இதையெல்லாம் பார்த்தாள். எட்டி, அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். கையுறையை உருவினாள்.

லாரி டிரைவர் பீடியைப் பற்றவைக்காமல் நின்றார்.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

அண்ணி அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன். உங்களை நம்பித்தான் பின்பக்கமாவே நடக்கறேன். அது போகட்டும். புள்ள சாப்பிட உக்காந்தா, கையை நீட்டி நீட்டிப் பாத்துக்கிச்சு. எதிர்ல உக்காந்து நீங்க சாப்பிட்டீங்க."

அவர் லாரியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாலு போய் அவர் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. தொடலாமா என்று தெரியாமல் நின்றாள்.

அண்ணி என்னிடம் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்குச் சனிக்கிழமை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காற்று ஒரு தள்ளு தள்ளியது. கண்ணாடி கட்டைமேல் டொக்கென்று அசைந்தது. அண்ணி இரண்டு கையாலும் பிடித்தாள். "இது இங்க நிக்காது. உள்ள கொண்டுபோகணும். டான்ஸ் கிளாஸுக்கு வேற ஆள வச்சு அப்புறம் பாத்துக்கலாம்." அவர் எழுந்து வந்தார். "தொடாதீங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவர் நின்ற இடத்திலேயே நின்றார். லாரி டிரைவர், எனக்கு இடுப்பு சரியில்லைம்மா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"நீ வா" என்றாள் அண்ணி என்னிடம்.

"நானா? எனக்குப் பழக்கமில்ல அண்ணி..."

"வான்னா வா."

கண்ணாடிக்காரர் தன் கையுறைகளை என்னிடம் நீட்டினார். எனக்கு அவை பெரிது. உள்ளே இன்னும் சூடாக இருந்தது. குனிந்து அடியில் கை கொடுத்தேன். "மூணு சொன்னதும் தூக்கு. இழுக்காத, தள்ளாத, என் வேகத்துக்கு வா" என்றாள் அண்ணி. தூக்கினோம். அத்தனை கனம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கனத்தைக்கூடத் தாங்கலாம். கொஞ்சம் நழுவினாலும் அந்தப் பக்கம் இருக்கிறவள் என்ன ஆவாள் என்ற எண்ணத்தைத்தான் தாங்க முடியவில்லை. இப்படித்தான் அவர் ஏழு மாசமாக ஒவ்வொரு கண்ணாடியையும் தூக்கியிருக்கிறார்.

வாலு எனக்கு முன்னால் ஓடிப்போய், வழியில் கிடந்த வாளியைக் காலால் தள்ளினாள்.

என் கை ஆடியது. தோளிலிருந்து விரல்வரைக்கும் ஆடியது. மறைக்க இடம் இல்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி தடதடவென்று நடுங்க, நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"நிக்காதீங்கக்கா" என்றாள் வாலு. அவள் குரலில் கோபம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். இருந்தாலும் பக்கத்தில் வந்து, என் கைக்கு அடியில் தன் இரண்டு கையையும் கொடுத்தாள். கண்ணாடியின் நடுக்கம் குறைந்தது. "படி இருக்கு. வலது காலை முதல்ல வைங்க. நான் பிடிச்சிருக்கேன்."

வைத்தேன்.